எங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி: எதற்கு நம்பிப் போகலாம், எதற்கு வேறு இடம் பார்க்கலாம்

கடலூர் மாவட்டத்தில் இருக்கிற ஒரு வட்ட அரசு மருத்துவமனையைப் பற்றி எழுதுகிறேன். ஊர்ப் பெயர் போடப் போவதில்லை. போட்டால் அங்கே டூட்டியில் இருக்கிற சில டாக்டர்களும் சிஸ்டர்களும் யார் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும், நான் கீழே குறை சொல்லப் போகிற விஷயங்களில் பாதி அவர்கள் கையில் இல்லாதது. கரும்பு, நெல், முந்திரி மூன்றும் உள்ள பகுதி, சுற்றிலும் ஏகப்பட்ட கிராமம், ஒரு பக்கம் பஸ் ஏறினால் கடலூர், இன்னொரு பக்கம் போனால் புதுச்சேரி எல்லை. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இந்த அடையாளம் போதும்.

இந்த மாதிரி ஆஸ்பத்திரிகளுக்கு கூகுள் மேப்பில் மக்கள் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். ஐந்து நட்சத்திரம் போட்டு 'சூப்பர்' என்று ஒரு சொல், இல்லையென்றால் ஒரே நட்சத்திரம் போட்டு 'டாக்டரே இல்லை' என்று ஒரு வரி. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் என்ன பிரச்சினைக்குப் போனார், எத்தனை மணிக்குப் போனார் என்று சொல்லாவிட்டால் படிக்கிறவருக்கு ஒரு பயனும் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்குப் பாம்புக்கடியோடு போனவரும் காலை பத்தரைக்கு முழங்கால் வலியோடு போனவரும் பார்த்தது ஒரே கட்டடம், அவ்வளவுதான். என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்: உயிர் போகிற அவசரத்தில் முதல் ஒரு மணி நேரத்துக்கு இதைவிட நல்ல இடம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை, காசு கொடுத்தாலும் இல்லை. மாதா மாதம் வாங்கும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கும் நல்ல இடம். இடையில் இருக்கிறதற்கெல்லாம், அதாவது என்ன நோய் என்றே தெரியாமல் ஸ்கேன், டெஸ்ட் என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதற்கு, இங்கே நாளைக் கடத்தாமல் பெரிய இடத்துக்குப் போய்விடுவது நல்லது.

முதலில் பாம்புக்கடி, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் அதுதான் பெரிய விஷயம். கரும்பு வெட்டும்போதும் நெல் அறுப்பிலும் மழை பிடித்து வரப்பு நனைகிற நாட்களிலும் இங்கே கடிபட்டு ஆள் வராத வாரம் அபூர்வம். எதிர்வீட்டு அண்ணன் ராத்திரி கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போன இடத்தில் கணுக்காலில் கடித்துவிட்டது, என்ன பாம்பு என்று அவர் பார்க்கவில்லை. (பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரத்தை ராத்திரியில் விடுகிற வரைக்கும் இது நடந்துகொண்டேதான் இருக்கும், அந்தப் புலம்பலை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் அவரை உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனோம். வாசலில் சீட்டு கேட்கவில்லை, ஆதார் கேட்கவில்லை. அவர் வீட்டார் காலில் இறுக்கிக் கட்டியிருந்த துண்டைப் பார்த்ததும் சிஸ்டருக்குக் கோபம் வந்தது, ஆனாலும் அதை உடனே அவிழ்க்கவில்லை. ஊசி போட வழி செய்து, டாக்டர் பக்கத்தில் வந்து நின்ற பிறகே மெதுவாகத் தளர்த்தினார்கள், சட்டென்று அவிழ்த்தால் அங்கே தேங்கி நின்றது மொத்தமாக ஏறிவிடும் என்று. கட்டு போடக் கூடாது, கத்தியால் கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, எலும்பு முறிந்த கால் மாதிரி அசையாமல் வைத்துக் கொண்டு வந்தால் போதும் என்று அந்த நேரத்திலும் எங்களுக்குப் பாடம் எடுத்தார் அந்தம்மா.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. அண்ணன் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு, யாரும் தொடாதீர்கள் என்று ஓரமாக நிறுத்திவைத்து, 20 நிமிடம் கடிகாரம் பார்த்தார்கள். பிறகு குழாயைச் சாய்த்துப் பார்த்தார்கள். ரத்தம் உறைந்திருந்தால் அந்த வகையில் பரவாயில்லை, உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் மாதிரிப் பாம்பின் விஷம் வேலையைக் காட்டுகிறது என்று பொருள். ஓடியது. உடனே குளுக்கோஸ் பாட்டிலில் விஷமுறிவு மருந்தைக் கலந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். மெஷின் இல்லை, லேப் டெக்னீஷியன் இல்லை, கண்ணாடிக் குழாயும் பொறுமையும் மட்டும் வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் இது சரிவராது, கழுவிக் காயவைத்த பழைய குழாயிலும் சரிவராது என்று டாக்டர் சொன்னார். பக்கத்து டவுனில் ஏசி போட்ட கிளினிக் எத்தனையோ இருக்கிறது, இந்தச் சோதனையை ராத்திரியில் செய்து, மருந்தையும் கையில் வைத்திருந்து, அலர்ஜி வந்தால் சமாளிக்கவும் தெரிந்த இடம் அவற்றில் எது என்று எனக்குச் சொல்லுங்கள். அந்த மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறும், அதனால்தான் பல தனியார் இடங்களில் தொடவே பயப்படுகிறார்கள். இங்கே அட்ரினலின் ஊசியை முதலிலேயே எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள்.

பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வருகிற பழக்கம் இன்னும் போகவில்லை. தேவையே இல்லை. நம் நாட்டில் கிடைக்கிற விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துச் செய்ததுதான், எது கடித்தாலும் அதே பாட்டில். பெரியவருக்குக் கொடுக்கிற அளவுதான் குழந்தைக்கும், ஏனென்றால் பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. அந்த மருந்து செய்யத் தேவையான விஷத்தைப் பாம்பிலிருந்து எடுத்துக் கொடுப்பதில் பெரும் பங்கு இருளர் பழங்குடியினருடையது, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இருக்கிறது. நம் கடலூர், விழுப்புரம் பக்கங்களிலும் இருளர் குடியிருப்புகள் நிறைய உண்டு. அங்கிருந்து வருகிறவர்கள் இதே ஆஸ்பத்திரி வராந்தாவில் கடைசி ஆளாகக் கூப்பிடப்படுகிறதை நான் பார்த்திருக்கிறேன், இதை எழுதாமல் விட மனசு வரவில்லை.

கட்டுவிரியன் மட்டும் தனிக் கதை. ராத்திரி தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவரைக் கடிக்கும், வலி இருக்காது, பல் பட்ட இடமும் தெரியாது. விடியற்காலை வயிற்று வலி என்று எழுந்திருப்பார், கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும், பேச்சு குழறும். வயிற்று வலிக்குச் சோடா வாங்கிக் கொடுத்து நேரம் போக்காமல் இமையைப் பாருங்கள். இதற்கு இங்கே மருந்தை ஆரம்பித்துவிட்டு, மூச்சுக்கு வழி செய்து, 108இல் ஏற்றிவிடுவார்கள், ஏனென்றால் நாள் கணக்கில் வென்டிலேட்டரில் வைத்துப் பார்க்கிற வசதி இங்கே இல்லை. எங்கள் அண்ணனுக்கும் சிறுநீர் எவ்வளவு போகிறது என்று ராத்திரி முழுக்கக் குறித்துக்கொண்டே இருந்தார்கள், அது குறைய ஆரம்பித்ததும் சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று புதுச்சேரி ஜிப்மர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இன்றைக்கு அவர் மறுபடியும் கரும்புக்குத்தான் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கிறார்.

நாய்க்கடிக்குச் சுருக்கமாக: வீட்டிலேயே குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டுப் போங்கள், சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் வேண்டாம். ஊசி முதல் நாள், அப்புறம் 3, 7, 28ஆம் நாட்கள், தோள்பட்டையில் தோலுக்குள்ளேயே போடுகிறார்கள், வலி குறைவு. ரத்தம் வருகிற அளவுக்குக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இன்னொரு மருந்தும் வேண்டும், அது இங்கே சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது, வாயைத் திறந்து கேளுங்கள், இல்லையென்றால் கடலூர் தலைமை மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். 28ஆம் நாள் ஊசிக்கு யாரும் வருவதில்லை என்று சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

நெஞ்சு வலிக்கு இங்கே என்ன செய்துவிடுவார்கள் என்று எங்கள் தெருவிலேயே பலர் கேட்பார்கள், நேரே காரைப் பிடித்துப் புதுச்சேரி போகலாமே என்பார்கள். போகலாம், ஆனால் முதலில் இங்கே ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். 2023இல் ஆரம்பித்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் துணை சுகாதார நிலையம் வரைக்கும் 14 மாத்திரை அடங்கிய முதல் டோஸ் வைத்திருக்கிறார்கள்: ரத்தம் உறையாமல் தடுக்கிற ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அதோடு கொழுப்பைக் குறைக்கிற அட்டோர்வாஸ்டாடின். ஈசிஜி எடுத்து, அதைப் போனில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கு அனுப்பிக் கேட்டுவிட்டு, மாத்திரையைக் கொடுத்து ஏற்றிவிடுகிறார்கள். எங்கள் ஊரிலிருந்து ஜிப்மர் போவது என்றால் சும்மா இல்லை, அது புதுச்சேரிக்கு அந்தப் பக்கம் கோரிமேட்டில் இருக்கிறது. கடலூரைத் தாண்டி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொன்றாகக் கடந்து, மரப்பாலத்தில் நின்று, இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை சிக்னல்களைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த வழியில் நெஞ்சு வலியோடு ஒருவரை வெறும் வயிற்றில் கொண்டுபோவதும் மாத்திரை உள்ளே இறங்கிய பிறகு கொண்டுபோவதும் ஒன்றில்லை.

ரோடு விபத்துக்கும் இதே கதைதான். சனி, ஞாயிறு ராத்திரிகளில் புதுச்சேரி பக்கமிருந்து வருகிற பைக்குகளைப் பற்றி நான் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. ரத்தத்தை நிறுத்துவது, தையல், கட்டு, கழுத்துக்குப் பட்டை எல்லாம் நன்றாகவே செய்கிறார்கள். தலையில் அடி என்றால் இங்கே சிடி ஸ்கேன் இல்லை, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறார்கள். 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவருக்கு, அவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசு செலவு, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். காசு கட்டினால்தான் தொடுவோம் என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

இனி குறை. இவர்கள் மேல் எனக்கு இருக்கிற பெரிய குறை, அனுப்புகிறார்களே என்பதில் இல்லை, அனுப்புகிற விதத்தில்தான். 'ரெஃபர் பண்ணிட்டாங்க' என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று நம் ஆட்கள் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள், அது தவறு, எதை வைத்துக்கொள்ளலாம் எதை அனுப்ப வேண்டும் என்று தெரிவதே பாதி வைத்தியம். ஆனால் அனுப்புகிற சீட்டில் ஒரே வரி. என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று இருக்காது, இருந்தாலும் அந்தக் கையெழுத்தை அங்கே யாராலும் படிக்க முடியாது. எக்ஸ்ரே எடுத்தால் ஃபிலிம் கிடையாது, திரையைச் செல்போனில் போட்டோ எடுத்துக்கோங்க என்கிறார்கள். எங்கள் அத்தை கையை ஒடித்துக்கொண்டு போனபோது அவரிடம் பட்டன் போன்தான். பக்கத்து பெட்டில் இருந்த நோயாளியின் பையன் தன் போனில் எடுத்து, அப்புறம் எனக்கு அனுப்பி, நான் அங்கே காட்டினால், பெரிய ஆஸ்பத்திரியில் இது தெளிவாக இல்லை என்று மறுபடியும் எடுத்தார்கள். ஒரு எலும்புக்கு இரண்டு தடவை கதிர் வாங்கியாயிற்று. பாம்புக்கடிக்கு அவ்வளவு ஒழுங்காக 20 நிமிடம் கடிகாரம் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு ஒரு தாளை ஒழுங்காக எழுத ஏன் முடியவில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம். அடுத்த ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே ஒரு போன் போட்டு இப்படி ஒருவர் வருகிறார் என்று சொல்வது நெஞ்சு வலிக்கு மட்டும் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் நடந்தால் என்ன?

எங்கே அனுப்புவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாகக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை. தெற்குப் பக்கத்து கிராமங்களுக்குச் சிதம்பரம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியை அரசு எடுத்துக்கொண்ட பிறகு மாவட்டத்துக்கு என்று ஒரு அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது, அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது பெரிய மாற்றம். சிக்கலான கேஸ், புற்றுநோய், சிறுநீரகம், இதயம் என்றால் ஜிப்மர். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்தது அது, 1964இல் இந்தப் பெயர் வந்தது, 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. புதுச்சேரியில் இருந்தாலும் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைக்காரர்கள் அங்கே வந்து குவிகிறார்கள், அதனால்தான் எங்கள் ஆஸ்பத்திரி மாதிரியான இடங்கள் ஒழுங்காக வேலை செய்வது அவசியம். இங்கே தைத்துவிடக் கூடிய காயத்துக்கும் இங்கே கொடுக்கக் கூடிய மாத்திரைக்கும் எல்லாரும் கோரிமேட்டுக்குப் போனால் அங்கே உண்மையிலேயே போக வேண்டியவர் எந்த வரிசையில் நிற்பார்? கண்ணுக்கு மட்டும் எங்கள் ஊரில் எல்லாரும் நேரே தவளக்குப்பம் அரவிந்துக்குப் போய்விடுகிறார்கள், 2003இல் அது வந்ததிலிருந்தே அப்படித்தான், புரை முகாம் பஸ் ஊருக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது, அதற்கு யாரும் சீட்டு எழுதித் தர வேண்டியதில்லை.

பிரசவ வார்டு. இங்கே சீமாங் மையம் இருக்கிறது, அதாவது ராத்திரி பகல் பார்க்காமல் சிசேரியன் செய்கிற வசதி. என் தங்கைக்கு இங்கேதான் நடந்தது. டாக்டரம்மா அருமை, அவசரப்பட்டுக் கத்தியை எடுக்கவில்லை, பல மணி நேரம் பொறுமையாகப் பார்த்து சுகப்பிரசவமாகவே முடித்தார். தனியாரில் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எங்கள் அம்மா இன்றைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குத் திரும்பும்போது தாய்சேய் ஊர்தியில் கொண்டுவந்து விட்டார்கள், 102. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய், தவணை தவணையாக வந்தது, கொஞ்சம் இழுத்தடித்துத்தான் வந்தது. இவ்வளவு நன்றாக எழுதிக்கொண்டே வந்து இதையும் எழுதத்தான் வேண்டும்: குழந்தையைத் துடைத்து வெளியே கொண்டுவந்து காட்டும்போது கையை நீட்டுகிறார்கள். ஆண் குழந்தைக்கு ஒரு ரேட்டு, பெண் குழந்தைக்கு ஒரு ரேட்டு. 'சந்தோஷத்துக்குக் கொடுங்க' என்று கேட்பதுதான், ஆனால் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரிலிருந்து வார்டு பெருக்குகிறவர் வரைக்கும் அத்தனை பேருக்கும் சந்தோஷம் வேண்டியிருக்கிறது. பெரும்பாலானவர்கள் ஒப்பந்தத்தில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள், அது தெரிகிறது. ஆனாலும் கொடுக்க இல்லாமல் வருகிற பெண்ணுக்குத் துணி மாற்ற நேரமாகிறது, அதை நான் நேரில் பார்த்தேன், அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. சுவரில் லஞ்சம் கொடுக்காதீர்கள் என்று புகார் எண்ணோடு பலகை இருக்கிறது, பலகைக்குக் கீழேயே வசூல்.

கழிவறை பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. காலை எட்டு மணி வரை பரவாயில்லை, அப்புறம் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிரசவமான பெண்களும் அதைத்தான் உபயோகிக்கிறார்கள் என்பதுதான் கொடுமை. குடிதண்ணீர் மெஷின் வேலை செய்கிறது, ஆனால் டம்ளர் இல்லை.

காலை ஓ.பி. இன்னொரு உலகம். ஏழரைக்கு ஆரம்பம், ஆனால் டாக்டர் உட்கார்ந்து ஒழுங்காகப் பார்ப்பது எட்டுக்கு மேல், பன்னிரண்டோடு சரி. சீட்டு இலவசம். வரிசை நீளம், ஒருவருக்கு இரண்டு நிமிடம் கூடக் கிடைக்காது. இதில் ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆச்சரியம். முந்திரி உடைக்கிற பெண்கள் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு, ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் பட்டுப்பட்டுக் கை கறுத்து, தோல் உரிந்து, சில சமயம் கொப்பளித்துப் புண்ணாகிவிடும். சாம்பலோ ஆமணக்கெண்ணெயோ தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள், அப்படியும் படும். டவுனில் ஒரு தோல் டாக்டரிடம் எங்கள் பெரியம்மா காட்டியதற்கு, என்ன சோப்பு போடுகிறீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு ஒரு பை நிறைய களிம்பு எழுதிக் கொடுத்தார். இங்கே டாக்டர் கையைப் பார்த்ததுமே 'எத்தனை கிலோ உடைக்கிறீங்க' என்றுதான் கேட்டார். இரண்டு நிமிடம்தான் பார்த்தார், ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் சரியான கேள்வி அது. அதேபோல நடவு நேரத்தில் சேற்றுப்புண்ணோடு வருகிறவர்களுக்கும் கதை சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஊரோடு சேர்ந்து இருக்கிற ஆஸ்பத்திரியில் இது ஒன்று கிடைக்கிறது, பில்லில் இதற்கு வரி கிடையாது. ஆனால் டாக்டர்கள் மாற்றலாகிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள், புதிதாக வருகிறவர் கற்றுக்கொள்வதற்குள் அவரும் மேல்படிப்புக்குப் போய்விடுகிறார். நிலையாக இருப்பது சிஸ்டர்கள்தான், கற்றுக்கொடுப்பதும் அவர்கள்தான் என்று எனக்குச் சந்தேகம்.

மருந்துக்கு வருகிறேன். அரசு மாத்திரை வேலை செய்யாது, சுண்ணாம்பு என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று 1994இல் ஒன்றை ஆரம்பித்து, மாநிலத்துக்கே மொத்தமாக வாங்கி, தரச் சோதனை முடித்து, மாவட்டக் கிடங்குகளிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற ஏற்பாடு, மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போன ஏற்பாடு. எங்கள் அம்மா வருடக்கணக்கில் இங்கே சர்க்கரைக்கு வாங்குகிற மெட்ஃபார்மினும் பிரஷருக்கு வாங்குகிற அம்லோடிபினும்தான் சாப்பிடுகிறார், சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது, பலகாரம் செய்கிற பண்டிகை நாட்கள் நீங்கலாக. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த பிறகு நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வருகிறது, அந்தத் தன்னார்வலர் பெண் எங்கள் தெருவுக்கு வந்தால் பிரஷர் பார்த்துவிட்டு, மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டு, மீதி இருக்கிற அட்டையை எண்ணிப் பார்த்துத் திட்டிவிட்டும் போகிறார். திட்டுகிறதுதான் முக்கியம். பிரச்சினை என்னவென்றால், வீட்டுக்கு மாத்திரை வந்துவிடுகிறதே என்று யாரும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதில்லை, அளவு கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா என்று பார்க்க ஆள் இல்லாமல் அதே அட்டை வருடம் முழுக்க ஓடுகிறது. கிட்னி சரியாக இருக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது யூரியா, கிரியாட்டினின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், இங்கேயே இலவசமாக எடுக்கிறார்கள், முடிவு மறுநாள்தான் கிடைக்கும்.

ஆபரேஷன் அளவுக்குப் போனால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு அதற்கு ஓடாதீர்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு கலெக்டர் ஆபீஸ் போனால் அங்கேயே பதிந்து கொடுக்கிறார்கள். எங்கள் சித்தப்பா மாதிரி ஆட்கள் 'நமக்கு என்ன வரப்போகுது' என்று உட்கார்ந்திருப்பார்கள்.

கடைசியாக எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு. பாகூர், நெட்டப்பாக்கம் பக்கத்து ஊர்களும் நம் ஊர்களும் எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்று தெரியும், ஒரே தெருவில் பாதி வீடு புதுச்சேரி ரேஷன் கார்டு, பாதி வீடு தமிழ்நாட்டுக் கார்டு என்கிற இடமெல்லாம் இருக்கிறது. அவசரத்துக்கு வந்தால் இங்கே யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை, ஓ.பி.யிலும் கேட்பதில்லை. சிக்கல் பிரசவத்தில்தான். தமிழ்நாட்டுப் பெண், புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டு, கர்ப்பத்தை அங்கே பதிந்துவிட்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருகிறாள். இங்கே பிக்மி எண், அதாவது தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்தால் தருகிற எண், கேட்பார்கள், அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும். வளைகாப்பு முடிந்து கூட்டிக்கொண்டு வந்த கையோடு தாய்வீட்டு ஊரின் கிராம செவிலியரிடம் போய்ப் பதிந்து அந்த எண்ணை வாங்கிவிடுங்கள், வலி எடுத்த பிறகு அதைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது.

மற்றபடி போகிறவர்கள் பழைய சீட்டு, மாத்திரை அட்டை, ஒரு சொம்பு அல்லது டம்ளர், சார்ஜ் உள்ள ஒரு நல்ல கேமரா போன் எடுத்துக்கொண்டு போங்கள். திங்கள்கிழமையும் ஊர்ச் சந்தை நாளும் ஓ.பி.க்கு வேண்டவே வேண்டாம், வியாழன், சனிக்கிழமைகளில் கூட்டம் குறைவு.